கூட்ரோடு என்று மட்டும் சொல்லாதீர்கள்

ஆடி மாதம், சனிக்கிழமை ராத்திரி 11 மணி இருக்கும். நானும் அம்மாவும் அத்தையும் அப்போது ஒன்பது வயதான என் மகனும் பஸ்ஸை விட்டு இறங்கினோம். கையில் இரண்டு கட்டைப்பை, ஒரு பொங்கல் பானை, ஈரத்துணியில் சுற்றிய வேப்பிலைக் கட்டு. பஸ் கிளம்பிப் போன பிறகுதான் அத்தை நாலு பக்கமும் பார்த்தாள். "இது நம்ம கூட்ரோடு இல்லடி" என்றாள்.

நாங்கள் இறங்க வேண்டிய இடம் ஜனப்பன்சத்திரம் கூட்டு ரோடு. இறங்கி நின்றது தச்சூர் கூட்டு ரோடு.

எங்கள் வீடு கொடுங்கையூரில். வருடா வருடம் ஆடியில் பெரியபாளையத்தம்மனுக்குப் பொங்கல் வைப்பது பாட்டி காலத்திலிருந்து வருகிற வழக்கம். அந்த வருடம் பெரியபாளையம் போகிற பஸ் ஒன்றில்கூட கால் வைக்க இடமில்லை. மூலக்கடையில் ஒன்றரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு அத்தைதான் யோசனை சொன்னாள்: கும்மிடிப்பூண்டி பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி கூட்ரோட்டில் இறங்கிக்கொள்ளலாம், அங்கிருந்து ஷேர் ஆட்டோ கிடைக்கும். நல்ல யோசனைதான். ஏறினதும் "கூட்ரோடு, மூணு முழுசு, ஒரு அரை" என்று டிக்கெட் வாங்கினாள். கண்டக்டர் எந்தக் கூட்ரோடு என்று கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. செங்குன்றத்தில் வண்டிகள் முட்டி நின்றதில் நேரம் போய், காரனோடை தாண்டும்போது நாங்கள் எல்லோருமே கண் அசந்திருந்தோம்.

இந்தப் பக்கம் பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் வழி சொல்கிறேன். மாதவரம், புழல், செங்குன்றம், பாடியநல்லூர் என்று வடக்கே போகிற ஜி.என்.டி. சாலைதான் கல்கத்தா நெடுஞ்சாலை. முன்பு தேசிய நெடுஞ்சாலை 5 என்று எண். 2010-ல் எண்களை மாற்றியபோது 16 ஆனது, ஆனால் எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு இன்றும் அது ஜி.என்.டி. ரோடுதான். சோழவரம் தாண்டி, காரனோடையில் கொசஸ்தலை ஆற்றைக் கடந்தால் ஜனப்பன்சத்திரம். அங்கே இடது பக்கம் பிரிகிற சாலை பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, நாகலாபுரம், புத்தூர் வழியாகத் திருப்பதிக்குப் போகிறது. அங்கே திரும்பாமல் ஜி.என்.டி. சாலையிலேயே வடக்கே இன்னும் சில கிலோமீட்டர் போனால் பஞ்செட்டி, அப்புறம் தச்சூர். அங்கே வலது பக்கம் பிரிந்தால் பொன்னேரி, பழவேற்காடு. ஆக இரண்டுமே கூட்டு ரோடு. பொன்னேரிக்காரர்களுக்குக் கூட்ரோடு என்றால் தச்சூர். பெரியபாளையம், ஊத்துக்கோட்டைக்காரர்களுக்கு ஜனப்பன்சத்திரம். அவரவர் வாயில் அவரவர் கூட்ரோடு.

அதனால் முதலில் சொல்ல வேண்டியது இதுதான். பஸ்ஸில் டிக்கெட் வாங்கும்போதும், ஆட்டோவில் ஏறும்போதும், வழியில் நின்றுவிட்ட வண்டிக்கு உதவி கேட்டு போன் செய்யும்போதும் ஊர்ப் பெயரோடு சேர்த்துச் சொல்லுங்கள். "ஜனப்பன்சத்திரம் கூட்ரோடு, பெரியபாளையம் திரும்புற இடம்" என்று முழுதாகச் சொல்ல மூன்று நொடிகூட ஆகாது. நான் இப்போது கண்டக்டர் திருப்பிச் சொல்கிற வரைக்கும் விடுவதில்லை.

சரி, அந்த ராத்திரிக்கு வருகிறேன்.

திரும்பிப் போக வேண்டுமென்றால் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும். கடப்போம் என்று திரும்பினால் அம்மா பானையை இறக்கி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகமெல்லாம் வியர்வை. காற்று அடித்துக்கொண்டிருந்தது, எங்கள் யாருக்கும் வியர்க்கவில்லை. கையைப் பிடித்தேன், சில்லென்று இருந்தது, விரல்கள் நடுங்கின. "என்னம்மா?" என்றால் "ஒண்ணுமில்ல, நீ சும்மா இரு" என்று எரிந்து விழுந்தாள். அம்மா அப்படிப் பேசுகிறவளே இல்லை. களைப்பு என்றுதான் நினைத்தேன்.

சாலை ஓரத்தில் ஒரு டீக்கடை இருந்தது. தகரக் கூரை, ஒரு டியூப் லைட், முன்னால் இரண்டு பெஞ்சு. அங்கே நின்றிருந்த அக்கா எங்களைப் பார்த்துவிட்டு அடுப்பை விட்டு வந்தார். என்னிடம் மூன்றே கேள்விதான் கேட்டார்.

"உங்கம்மாவுக்கு சுகர் இருக்கா?"

"இருக்குக்கா."

"மாத்திர போட்டாங்களா?"

"போட்டாங்க."

"சாப்ட்டாங்களா?"

அம்மா அன்று காலையிலிருந்து விரதம். மாத்திரையை மட்டும் விடாமல் போட்டிருக்கிறாள். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் அந்த அக்கா டம்ளரில் சர்க்கரை போட்டு, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கிக் கொண்டுவந்து, அம்மாவின் கையோடு தன் கையையும் சேர்த்துப் பிடித்துக் குடிக்க வைத்தார். அந்த டம்ளரின் அடியில் கரையாத சர்க்கரை இருந்தது, அதையும் விரலால் வழித்துக் கொடுத்தார். பத்து, பதினைந்து நிமிஷம் ஆகியிருக்கும். அம்மா என்னைப் பார்த்து, "பானை எங்கடி வச்ச?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

சர்க்கரை ஏறுவதைப் பற்றியே பேசிப் பேசி, இறங்குவதைப் பற்றி நம் வீடுகளில் யாருக்கும் தெரிவதில்லை. எனக்கும் தெரியாது. பிறகு டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சர்க்கரைக்கான எல்லா மாத்திரையும் ஒன்றல்ல. சில வகை மாத்திரைகளும் இன்சுலினும் சாப்பாடு இல்லாமல் போனால் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, காரணமில்லாத எரிச்சல், பேச்சுக் குழறல், இதெல்லாம் அதன் அடையாளம். நினைவு இருக்கும்போது மூன்று டீஸ்பூன் சர்க்கரை, அதாவது சுமார் 15 கிராம், தண்ணீரில் கலந்து கொடுத்து 15 நிமிஷம் பார்க்க வேண்டும். தெளியவில்லை என்றால் இன்னொரு முறை. தெளிந்த பிறகு இட்லியோ பன்னோ ஏதாவது சாப்பிட வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி இறங்கும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும், உடனே 108-ஐ அழைக்க வேண்டும். விரதம் இருக்கப் போகிறவர்கள் அன்றைக்கு மாத்திரையை என்ன செய்வது என்று முன்கூட்டியே தங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அம்மனுக்கு விரதம் இருக்கிற எல்லாத் தாய்மார்களின் வீட்டுக்கும் போய் இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு இருக்கிறது.

அதற்கு அடுத்து அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டது பாத்ரூம். காலையிலிருந்து அவள் தண்ணீரும் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அது விரதத்தால் இல்லை. வெளியூர் கிளம்புகிற நாளில் அம்மா தண்ணீர் குடிக்கவே மாட்டாள். அம்மா மட்டுமா, அத்தையும் அப்படித்தான், நானும் அப்படித்தான் வளர்ந்தேன். வழியில் போக இடம் கிடைக்காது, அதனால் வாயைக் கட்டு. எத்தனை பெண்கள் இப்படியே நீர்க்கடுப்பை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள்! அந்த அக்கா கடைக்குப் பின்னால் இருந்த தன் வீட்டுக்கு எங்களை அழைத்துப் போனார். பிளாஸ்டிக் பக்கெட்டில் தண்ணீர் நிரப்பி, மக் வைத்து, வெளியே டார்ச் அடித்துக்கொண்டு நின்றார். முன்பின் தெரியாத நான்கு பேருக்கு.

நெடுஞ்சாலையில் நிற்கிற இடத்தை நான் இப்போது சாப்பாட்டை வைத்துத் தேர்ந்தெடுப்பதில்லை, கழிப்பறையை வைத்துத்தான். பெட்ரோல் பங்குகளில் கழிப்பறை, குடிதண்ணீர், டயருக்குக் காற்று மூன்றும் இலவசமாகத் தர வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதி. பெட்ரோல் போட்டால்தான் என்றில்லை. கூச்சப்படாமல் கேளுங்கள். பூட்டி இருந்தால் சாவி அலுவலக அறையில் இருக்கும், கேட்டு வாங்குங்கள். பங்கில் மோசமாக இருந்தால் சுங்கச்சாவடி. செங்குன்றம் தாண்டினால் நல்லூர் சுங்கச்சாவடி வருகிறது. பெண்கள் இரண்டு பேராகப் போவது நல்லது. முதலில் ஒருவர் தாழ்ப்பாள் விழுகிறதா, தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் வயதானவரை அனுப்பலாம். என் பையில் இப்போது சின்ன மக், சோப்புத் துண்டு, டார்ச், இரண்டு பழைய செய்தித்தாள் நிரந்தரமாக இருக்கிறது. கிளம்பும்போது அம்மா தண்ணீர் குடிக்கிறாளா என்று நின்று பார்க்கிறேன்.

அந்த ராத்திரி அதற்கு மேல் எங்களைச் சாலை கடக்க விடவில்லை அந்த அக்கா. "காலைல மொத பஸ் வரும், அம்மாவ படுக்க வைங்க" என்று ஒரு பெஞ்சைக் காலி செய்து கொடுத்தார். அப்படித்தான் ஒரு கூட்டு ரோட்டை விடிய விடியப் பார்க்கிற வாய்ப்பு எனக்கு வந்தது.

பகலில் நகரத்துக்குள் கனரக வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. அதனால் ராத்திரியில் இந்தச் சாலை லாரிகளின் ஊராகிவிடுகிறது. சென்னைத் துறைமுகம், எண்ணூர், காட்டுப்பள்ளி என்று போகிற கன்டெய்னர் ட்ரெய்லர்கள். கோயம்பேட்டுக்குக் காய், பழம் ஏற்றி வருகிற ஆந்திரா லாரிகள். செங்குன்றத்து ரைஸ் மில்களுக்கு வருகிற நெல் மூட்டை வண்டிகள். ஒரு லாரி நின்றால் டிரைவர் முதலில் டயரைத்தான் பார்க்கிறார். இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயராகத் தட்டிக்கொண்டே சுற்றி வருகிறார். சரியான டயர் ஒரு சத்தம் போடும், காற்று இறங்கியது வேறு மாதிரி மந்தமாகக் கேட்கும். என் மகன் பெஞ்சில் உட்கார்ந்தபடி எந்த டயர் என்று கண்டுபிடித்துக்கொண்டிருந்தான். அப்புறம்தான் முகம் கழுவுவது, பல் துலக்குவது, டீ. தெலுங்கு, இந்தி, ஒடியா எல்லாம் அந்த இரண்டு பெஞ்சில் கேட்டது. அந்த அக்காவுக்கு எல்லா மொழியிலும் டீ, சர்க்கரை, சில்லறை மூன்றும் தெரிந்திருந்தது.

இரண்டு மணி வாக்கில் கூடூரிலிருந்து எலுமிச்சை ஏற்றி வந்த லாரி ஒன்று நின்றது. டிரைவர் நெல்லூர்ப் பக்கத்துக்காரர், தெலுங்கு வாடையோடு தமிழ் பேசினார். வேப்பிலைக் கட்டைப் பார்த்துவிட்டு, "பெத்தம்மா, பெரியபாளையமா?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா தலையாட்டினாள். அவர் போய் மூட்டையின் வாயைக் கொஞ்சம் தளர்த்தி இரண்டு கை நிறைய எலுமிச்சம்பழம் எடுத்து வந்து என் மகனின் சட்டையை ஏந்தச் சொல்லிப் போட்டார். "அம்மனுக்குப் போடுங்க" என்றார். பெரியபாளையத்தம்மனுக்கு ஆந்திராவிலிருந்தும் எவ்வளவு பேர் வருகிறார்கள் என்று கோயிலில் பார்த்திருக்கிறேன், ஆனால் அன்றுதான் அது மனதில் பட்டது.

ஜனப்பன்சத்திரம் என்ற ஊர்ப் பெயரிலேயே சத்திரம் இருக்கிறதே என்று பிறகு ஒரு நாள் யோசித்தேன். காலால் நடந்தும் மாட்டு வண்டியிலும் போன காலத்தில் ஒரு நாள் நடைக்கு ஒரு சத்திரம் தேவைப்பட்டது. கூரை, கிணறு, அடுப்பு மூட்ட ஒரு மூலை, மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி. அந்தக் காலத்தில் சென்னையில் இருந்த சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமையா 1830 மே மாதம் நம் தண்டையார்பேட்டையிலிருந்து காசிக்குக் கிளம்பினார். முதலில் போய்த் தங்கியது மாதவரம். வழி நெடுக அவர் எழுதி வைத்தது என்ன தெரியுமா? இந்த ஊரில் தண்ணீர் நன்றாக இருக்கிறதா, கடை இருக்கிறதா, சத்திரம் இருக்கிறதா, ராத்திரி தங்கலாமா. படித்தபோது எனக்கு என் அம்மாவின் முகம்தான் ஞாபகம் வந்தது. கிட்டத்தட்ட 200 வருடம் ஆகிவிட்டது, வழிப்போக்கருக்கு வேண்டியது அதே தண்ணீர், அதே கூரை. பெரியபாளையமும் தர்மத்துக்குப் பேர் போன ஒருவர் பிறந்த மண். பச்சையப்ப முதலியார் 1754-ல் அங்கேதான் பிறந்தார். அவர் விட்டுச் சென்ற சொத்திலிருந்துதான் பச்சையப்பன் கல்லூரி வந்தது.

விடிகாலை நாலரை மணிக்குச் சாலையைக் கடந்தோம். இதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கூட்டு ரோடுகளில் உயிர் போவது இங்கேதான். ஆறு வழிச் சாலையில் ஒரு பக்கத்துக்கு மூன்று வழி, ஒவ்வொன்றும் மூன்றரை மீட்டர் என்று வைத்தால் பத்தரை மீட்டர் அகலம். முட்டி வலியுள்ள அம்மா நொடிக்கு ஒரு மீட்டர் நடந்தால் பெரிய விஷயம். ஆக பத்து நொடிக்கு மேல் சாலையின் மேல் இருப்பாள். 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் ஓடும், பத்து நொடியில் 220 மீட்டர். அதாவது விளக்கு தூரத்தில் புள்ளி மாதிரி தெரிகிறதே, இன்னும் நேரம் இருக்கிறது என்று நாம் காலை எடுத்து வைக்கிற அந்த வண்டி, அம்மா மறுகரை சேர்வதற்குள் வந்துவிடும். லோடு ஏற்றிய லாரி நினைத்த இடத்தில் நிற்காது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சில விஷயம் கட்டாயம். எத்தனை தூரம் நடக்க வேண்டியிருந்தாலும் சிக்னலோ போலீஸோ இருக்கிற இடத்தில்தான் கடப்பது. ஒரே ஓட்டமாகக் கடப்பதில்லை. பாதி கடந்து நடுத்திட்டில் நின்று, மூச்சு வாங்கி, இந்தப் பக்கம் பார்த்து, அப்புறம் மீதி. நின்றிருக்கிற லாரியின் மறைவிலிருந்து வெளியே வருவதே கூடாது, பின்னால் வருகிறவனுக்கு நாம் தெரியமாட்டோம். செல்போன் டார்ச்சை எரிய விட்டுத் தரையைப் பார்த்துப் பிடிக்க வேண்டும், வருகிறவர் கண்ணுக்கு நேராக அடிக்கக் கூடாது. ஆடியில் மஞ்சள் புடவை கட்டுவது இந்த விஷயத்தில் நல்லது, இருட்டில் தெரியும். அன்று எங்களுக்காகக் கடையில் நின்றிருந்த ஒரு லாரி கிளீனர் பையன் முன்னால் டார்ச்சோடு நடந்தான். அத்தை பானையைத் தலையில் வைத்துக்கொண்டாள், நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன், மகன் எலுமிச்சம்பழங்களைச் சட்டையில் கட்டிக்கொண்டு நடுவில் வந்தான்.

ஜனப்பன்சத்திரத்தில் இறங்கியபோது லேசாக வெளுத்திருந்தது. அங்கே கூட்டம் வேறு மாதிரி. தச்சூரில் ராத்திரி லாரிக்காரர்கள் என்றால் இங்கே முழுக்க அம்மன் பக்தர்கள். வியாசர்பாடி, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று பாதி வடசென்னை அங்கே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தது. சின்ன லோடு வண்டிகளில் பந்தல் போட்டு, வேப்பிலை கட்டி, ஸ்பீக்கர் வைத்து, முப்பது பேர் நின்றுகொண்டே வந்திருந்தார்கள். அந்தச் சந்தோஷம் எனக்குத் தெரியும், சின்ன வயதில் நானும் அப்படிப் போனவள்தான். ஆனால் சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம். விபத்து என்று ஒன்று நடந்தால் காப்பீட்டுப் பணம் கேட்டு அலைவதும் பெரும்பாடு. தெருவில் பத்து வீடு சேர்ந்தால் ஒரு வேன் பிடித்துவிடலாம். நாங்கள் இப்போது அப்படித்தான் போகிறோம், ஆளுக்கு வருகிற செலவு அப்படி ஒன்றும் அதிகமில்லை.

ஷேர் ஆட்டோவில் ஏறும் முன் ஒரு ஆளுக்கு எவ்வளவு, கோயில் வரைக்குமா இல்லை பாதி வழியில் இறக்கிவிடுவாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆடி, ஆவணி ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்கு வெகு தூரம் முன்பே வண்டிகள் தேங்கி நின்றுவிடும். வயதானவர்கள் இருந்தால் ஞாயிறை விட்டுவிட்டு வேறு நாளில் வருவதுதான் என் அனுபவத்தில் நல்லது. அம்மன் எல்லா நாளும் அங்கேதான் இருக்கிறாள். சிறுவாபுரி முருகன் கோயிலுக்கும் ஜி.என்.டி. சாலையில்தான் வந்து திரும்ப வேண்டும் என்பதால் செவ்வாய்க்கிழமைகளில் காலையிலேயே நெரிசல் பிடித்துக்கொள்ளும். மழைக்காலத்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பிச்சாட்டூர் அணையைத் திறந்துவிட்டால் ஆரணி ஆற்றில் வெள்ளம் வந்து தரைப்பாலங்கள் மூழ்கும், சுற்றுவழிதான். ஐப்பசி, கார்த்திகையில் கிளம்பும் முன் அன்றைய செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லாரி நிறைய நிற்கிற தாபாவில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்பார்கள். பாதி உண்மை. லாரி நிறுத்த இடம் பெரிதாக இருந்தாலே லாரி நிற்கும். நான் பார்ப்பது அடுப்பை. கண் எதிரே கொதிக்கிறதையும் வேகிறதையும் வாங்கலாம்: இட்லி, தோசை, சப்பாத்தி, முட்டை, டீ. ராத்திரி பத்து மணிக்கு மேல் தேங்காய்ச் சட்னி வேண்டாம், சாம்பாரோ பொடியோ கேளுங்கள். பிரியாணி எப்போது செய்தது என்று தெரியாமல் தொடாதீர்கள். வெயில் காலத்தில் சாலை ஓரத்து நுங்கும், பொன்னேரிப் பக்கத்து வெள்ளரிப் பிஞ்சும் நன்றாக இருக்கும், கண் முன்னால் வெட்டித் தரச் சொல்லுங்கள்.

சொந்த வண்டியில் வருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. டயர் பஞ்சர் என்றால் சாலை ஓரத்திலேயே நிறுத்தி மாற்ற ஆரம்பிக்காதீர்கள். மெதுவாக உருட்டிக்கொண்டாவது சர்வீஸ் ரோட்டுக்கோ பங்குக்கோ போய்விடுங்கள், டயர் போனால் வாங்கிக்கொள்ளலாம். முடியவே இல்லை என்றால் எல்லோரையும் இறக்கி, சாலையை விட்டுத் தள்ளி, தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்துவிட்டு 1033-க்குக் கூப்பிடுங்கள். அது தேசிய நெடுஞ்சாலைக்கான உதவி எண். அங்கேயும் "கூட்ரோடு பக்கத்துல" என்று சொல்லாமல், சாலை ஓரத்துக் கிலோமீட்டர் கல்லில் இருக்கிற எண்ணைப் படித்துச் சொல்லுங்கள்.

அன்றைக்கு ஞாயிறு மதியம் பொங்கல் வைத்து முடித்து, எலுமிச்சம்பழங்களை மாலையாகக் கோத்து அம்மனுக்குச் சாத்திவிட்டுத் திரும்பினோம். ஜனப்பன்சத்திரத்தில் செங்குன்றம் பஸ்ஸுக்கு நின்றபோது அம்மா, "எதிர்ப்பக்கம் போலாம் வா" என்றாள். எனக்குப் புரியவில்லை. "அந்தப் பொண்ணுக்குக் குங்குமம் குடுக்க வேணாமா?" என்றாள். சிக்னல் பார்த்து, நடுத்திட்டில் நின்று, கடந்து, வடக்கே போகிற பஸ் பிடித்துத் தச்சூர் போனோம். இந்தத் தடவை ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் டிக்கெட் வாங்கினேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஆடியிலும் அப்படித்தான். வேனில் போனாலும் திரும்பும்போது தச்சூர் வரைக்கும் போய்விட்டுத்தான் சென்னைக்குத் திரும்புகிறோம். டிரைவருக்கு முதலிலேயே சொல்லிவிடுவோம். அந்த அக்காவுக்கு இப்போது நரை வந்துவிட்டது, கடையில் அவர் மருமகள்தான் டீ ஆற்றுகிறாள். அம்மா மஞ்சள், குங்குமம், ஒரு பிடி வேப்பிலை, தொன்னையில் பொங்கல் எல்லாம் பெஞ்சின் மேல் எடுத்து வைப்பாள். அக்கா அம்மாவுக்குச் சர்க்கரை போடாத டீ போடச் சொல்லிவிட்டு, சர்க்கரை டப்பாவையும் எடுத்து வந்து அம்மாவின் கைக்கு எட்டுகிற இடத்தில் வைப்பார். "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் தன் டம்ளரை எடுப்பார்.